மாஹ்லரின் 'மண்ணுலக வாழ்வு': குழந்தை இறந்த பின்னும் இசை ஏன் அழவில்லை?

கேள்வி:
ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாஹ்லர் 1890களின் தொடக்கத்தில் இயற்றிய 'மண்ணுலக வாழ்வு' பாடலைப் பற்றி ஓர் ஐயம். பசிக்கிறது அம்மா, ரொட்டி கொடு, இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று குழந்தை கதறுகிறது. பொறுத்துக்கொள் கண்ணே, நாளைக்குக் கதிர் அறுத்துவிடலாம் என்கிறாள் தாய். அறுத்து முடிந்ததும் நாளைக்குப் போரடிக்கலாம் என்கிறாள்; அதுவும் முடிந்ததும் நாளைக்குச் சுடலாம் என்கிறாள். ரொட்டி வெந்தபோது குழந்தை பாடையில் கிடக்கிறது. இவ்வளவு கொடிய முடிவிலும் ஒப்பாரிக்கு இடம் தராமல், தந்தி வாத்தியங்கள் தொடக்கத்திலிருந்து ஓடியபடியே ஓடித் தேய்ந்துவிடுவது ஏன்? தாயைக் கல்நெஞ்சக்காரியாகக் காட்டுவதுதான் நோக்கமா?

மறுமொழி 1:
அவள் கல்நெஞ்சக்காரி அல்லள். கையில் மாவு இருந்து மறுக்கவில்லை, வேலை முடியும்வரை கொடுப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அவளுடைய வரிகள் தாலாட்டும் சாயலில் சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்ற, குழந்தையின் குரலோ பதறித் தாவி ஏறுகிறது. இரண்டுக்கும் அடியில் ஓயாமல் சுழலும் அந்தப் பதினாறாம் பங்குச் சுரங்களை, அதாவது மிகக் குறுகிய விரைவுச் சுரங்களை, ஆலையின் ஓட்டமாகவே நான் கேட்கிறேன். அது குழந்தைக்காக விரையவுமில்லை, இறந்த பின் நிற்கவுமில்லை. ஆகவே நீங்கள் தேடும் குற்றவாளி தாயல்ல, அந்தச் சுழற்சியே.

மறுமொழி 2:
பாடல்வரிகள் மாஹ்லருடையவை அல்ல. ஆர்னிம், பிரென்டானோ என்ற கவிஞர்கள் இருவரும் 1805 முதல் 1808 வரை வெளியிட்ட ஜெர்மானிய நாட்டுப்பாடல் தொகுப்பில் உள்ளவை. அங்கே விதைப்பும் மாவரைப்பும் சேர்ந்து ஐந்து படிகள் உண்டு. மாஹ்லர் அவ்விரண்டையும் நீக்கி, அறுப்பு, போரடிப்பு, சுடுதல் என மூன்றாகச் சுருக்கினார். என் கருத்தில் இது சரியான வெட்டு. பசித்த பிள்ளையிடம் நாளைக்கு விதைக்கலாம் என்பது கதைக்குரிய மிகையாகிவிடும்; விளைந்த கதிர் வயலில் நிற்கும்போதே பிள்ளை சாவதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மறுமொழி 3:
இதன் இணைப்பாடலான 'விண்ணுலக வாழ்வு' பாடலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1892இல் எழுதப்பட்ட அப்பாடலையே மாஹ்லர் பின்னர் தம் நான்காம் சிம்ஃபொனியின் (பெரிய வாத்தியக் குழுவுக்கான, பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) இறுதிப் பகுதியாக வைத்தார். அங்கே தேவதூதர்கள் ரொட்டி சுடுகிறார்கள், புனித மார்த்தா சமைக்கிறார், திராட்சை மதுவுக்குக் காசு கிடையாது. சொர்க்கத்தை ஒரு குழந்தை முழுக்க முழுக்கச் சாப்பாடாகவே வருணிப்பது, இந்தப் பாடலைக் கேட்ட பிறகு வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. மாஹ்லரின் உடன்பிறந்தோர் பலர் சிறுவயதிலேயே இறந்தவர்கள். அதை மட்டும் வைத்துப் பாடலுக்குப் பொருள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சுழற்சி அவரை விடவில்லை என்பது உறுதி: 1910இல் எழுதி, முடிக்காமல் விட்ட பத்தாம் சிம்ஃபொனியின் நடுப்பகுதி ஏறத்தாழ அதே ஓட்டத்தோடுதான் தொடங்குகிறது.