குவென்ச் வாயு: தணிப்பா, அவிப்பா, நூர்ப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

ஐடிஐ கருவிப் பழுதுபார்ப்பு மாணவர்களுக்கான கையேட்டில் கைகர்-முல்லர் குழாய் (கதிரியக்கத்தைக் கண்டு எண்ணும் வாயுக் குழாய்) வைத்த ப்ரோபை, அதாவது கேபிளில் கோத்த உணர்முனையை, சோதிப்பது பற்றிய பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'குவென்ச் கேஸ்' என்பதற்கு மட்டும் சொல் அமையவில்லை.

குழாய்க்குள் நியானோ ஆர்கானோ குறைந்த அழுத்தத்தில் இருக்கும், நடுவில் ஒரு கம்பி. கதிர் ஒன்று உள்ளே வந்து ஓர் அணுவை அயனியாக்கினால் போதும், எலக்ட்ரான்கள் கம்பியை நோக்கிப் பாய்ந்து குழாய் முழுக்க மின்னிறக்கம் பரவும், ஒரு துடிப்பு கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நேர் அயனிகள் மெதுவாகச் சுவருக்குப் போய் மோதும்போது இன்னொரு எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டால் மறுபடி மின்னிறக்கம், அப்புறம் இன்னொன்று, ஒரே கதிருக்கு எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் கொஞ்சம் ஆல்கஹால் ஆவியோ, புரோமின், குளோரின் போன்ற ஹாலோஜனோ சேர்க்கிறார்கள். அந்த மூலக்கூறு மின்னூட்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு சுவருக்குப் போய், எலக்ட்ரானைக் கிளப்பாமல் தானே உடைந்துவிடும்.

'அணைப்பு வாயு' என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவர் தீயணைப்பு சிலிண்டர் என்று நினைத்துவிட்டார். என்ன போடலாம்?

* * *

அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: அவிப்பு. விளக்கு அவிந்தது என்கிறோம். புறநானூற்றில் பிசிராந்தையார் 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்கிறார். அவிதல் என்பது வெறுமனே அணைவது இல்லை, மேலே எழக்கூடியது எழாமல் உள்ளுக்குள்ளேயே ஒடுங்குவது. உங்கள் குழாயில் நடப்பதும் அதுதானே? அவிதல் தன்வினை, அவித்தல் பிறவினை, எனவே அவிப்பு, அவிப்பி, அவிப்புத்திறன் என்று குடும்பமாகச் சொல் கிளைக்கும்.

இன்னொன்று. வாயு எதற்கு? 'வளிதொழில் ஆண்ட உரவோன்' என்று கரிகாலனின் முன்னோனைப் பாடிய மொழியில் வளி என்ற சொல்லுக்குப் பஞ்சமா? அவிப்பு வளிமம் என்று எழுதுங்கள். மாணவர்கள் இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார்கள்.

* * *

> அவிப்பு

பேராசிரியர் ஐயா, மன்னிக்க வேண்டும். அவித்த முட்டை, அவித்த கடலை, இட்லி அவித்தல் என்று புழங்குகிற பிள்ளையிடம் அவிப்பு வாயு என்றால் சமையல் எரிவாயுதான் நினைவுக்கு வரும். எங்களிடம் யாழ்ப்பாணத்தில் விளக்கை 'நூத்துவிடு' என்போம். நூர்தல் அகராதியிலும் உள்ள சொல், வேறு பொருளோடு குழம்பாது. நூர்ப்பு வாயு என்பது என் முன்மொழிவு. வாயுவை மாற்ற வேண்டாம், இங்கும் பாடநூலில் அதுதான்.

* * *

நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை, கருவி பழுதுபார்ப்பவன். சொல் எதுவானாலும் அது பட்டறையில் என்ன வேலைக்கு வரப்போகிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.

ப்ரோபு மேசைக்கு வந்தால் சீசியம்-137 என்ற கதிரியக்கச் சோதனை மூலத்தை ஒரே தூரத்தில் வைத்து, மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை எடுத்து வரைபடம் போடுவோம். ஒரு கட்டத்தில் எண்ணத் தொடங்கும், சட்டென்று ஏறும், பிறகு கிட்டத்தட்டச் சமமாக ஓடும், அதைத் தாண்டினால் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் உடனே மின்னழுத்தத்தை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் கெடும். ஆல்கஹால் போட்ட பழைய குழாய் என்றால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் மூலக்கூறுகள் உடைந்து தீர்ந்துகொண்டே வரும். சமமான பகுதி குறுகும், சாய்வு கூடும். ஹாலோஜன் உடைந்தாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளும், அதனால் அது நீடிக்கும். 'குவென்ச் தீர்ந்துபோச்சு' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உங்கள் தமிழ்ச் சொல்லும் 'தீர்ந்துபோச்சு'க்கு முன்னால் இயல்பாக உட்கார வேண்டும்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: பாதிப் ப்ரோபுகளில் குழாயில் குற்றமே இருக்காது. கேபிள் முனையில் ஷீல்டு அறுந்திருக்கும், கனெக்டரில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து கசிவு வந்து பொய் எண்ணிக்கை காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாக உலரவிட்டாலே பல சரியாகிவிடும். 10 மெகா ஓம் உள்தடை உள்ள சாதாரண மல்டிமீட்டரால் உயர் மின்னழுத்தத்தை அளக்கக் கூடாது. அந்த மீட்டரே சுமையாகி, 900 வோல்ட் இருக்கும் இடத்தில் எவ்வளவோ குறைத்துக் காட்டும், பையன் நல்ல போர்டைக் கழற்றிப் போடுவான். மீட்டரோடு மாட்டுகிற, ஜிகா ஓம் உள்தடை உள்ள உயர் மின்னழுத்த ப்ரோபு வேண்டும். தட்டைக் குழாயில் கதிர் நுழையும் மைக்கா சன்னல் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு மெல்லியது, காய்ந்த புல் நுனி குத்தினாலே ஓட்டைதான். அதற்கு ஒட்டுப்போட வழியில்லை, குழாயையே மாற்ற வேண்டும்.

என் ஓட்டு தணிப்பு வாயுவுக்கு. 'வெந்து தணிந்தது காடு' தெரியாத பிள்ளை கிடையாது.

* * *

> தணிப்பு

தணிதல் மெதுவாகக் குறைவது. காய்ச்சல் தணியும், கோபம் தணியும். இங்கே நடப்பது குறைவதில்லை, மறுபடி எழாமல் முற்றாக நிற்பது. பொருள் பிழைக்கிறது. கொல்லர் பட்டறையில் காய்ச்சிய இரும்பை நீரில் முக்குவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள், அதற்கு நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்களே! செயலைப் பார்த்துச் சொல் வைத்த மரபு அது. நாமும் செயலைத்தான் பார்க்க வேண்டும்.

* * *

பேராசிரியர் ஐயாவின் மறுப்பு நியாயமானது. ஆனாலும் தாகம் தணிந்தது என்றால் முற்றாக நின்றது என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். ஆதரித்து வந்த மடல்களிலும் தணிப்புக்கே கூடுதல். 'தணிப்பு வாயு' என்று போட்டு, முதல்முறை வரும் இடத்தில் 'மறு மின்னிறக்கத்தைத் தடுக்கும் வாயு' என்று விளக்கிவிடுகிறேன். பழுதுபார்ப்புக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா, நன்றி.

'டெட் டைம்' இன்னும் பாக்கி. ஒரு துடிப்புக்குப் பிறகு 100 மைக்ரோநொடி அளவுக்குக் குழாய் எதையும் பதியாமல் இருக்கும் நேரம். 'இறந்த நேரம்' என்று போட்டால் இறந்தகாலத்தோடு குழம்பும். 'வாளா நேரம்' சரிவருமா?

* * *

வாளா நேரம் மிக நன்று, வாளாவிருத்தல் என்று நல்ல வழக்கே இருக்கிறது. தணிப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கலைச்சொல் பட்டியலில் அவிப்பையும் மாற்றுச்சொல்லாகப் பதிந்துவையுங்கள். வளிமம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.