கடலோர 132 கிலோவோல்ட் லைன்: கண்டக்டர் கம்பி உப்பி வெள்ளைப் பொடி கசிகிறது. விட்டு வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். கடலோரமாகப் போகும் லைன் ஒன்றின் பராமரிப்பு எங்கள் பொறுப்பில் இருக்கிறது. கண்டக்டர் பேந்தர் ரகம். 7 எஃகு இழைகளைச் சுற்றி 30 அலுமினிய இழைகள். ட்ரோன் படங்களில் இரண்டு ஸ்பான்களில் (இரு டவர்களுக்கு இடைப்பட்ட நீளம்) கம்பி அங்கங்கே லேசாக உப்பியிருக்கிறது. இழைகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி தெரிகிறது. தெர்மல் கேமராவில் பார்த்தால் அந்த இடங்களில் சூடே இல்லை, ஜாயிண்டுகளும் சரியாக இருக்கின்றன. அடுத்த மின்நிறுத்தம் வரை விட்டு வைக்கலாமா? வெறும் உப்புப் படிவாக இருக்குமோ?

பதில் 1:
உப்புப் படிவு மழையில் கழுவிப் போய்விடும், அதனால் கம்பி உப்பாது. இது அலுமினியம் உள்ளே அரித்து வெளியே தள்ளும் பொடி. விட்டு வைக்காதீர்கள்.

பதில் 2:
சூடு இல்லை என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் சார். கரண்ட் பெரும்பாலும் அலுமினியத்தில்தான் ஓடுகிறது. எஃகு இழைகள் எவ்வளவு அரித்தாலும் தெர்மல் கேமராவுக்குத் தெரியாது. ஆனால் பேந்தரின் முறிவு வலிமையில் பாதிக்கு மேல் அந்த 7 இழைகள் தருவது. அதுதான் எனக்குக் கவலை.

நடப்பது இதுதான். உப்பு கலந்த ஈரம் இழைகளின் இடுக்கில் இறங்கித் தங்கிவிடுகிறது. உள்ளே மழையும் கழுவாது, காற்றும் உலர்த்தாது. முதலில் எஃகின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு கரைகிறது. அது இருக்கும் வரை எஃகுக்குக் காவல். அது தீர்ந்து இரும்பு வெளிப்பட்டதும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளடுக்கு அலுமினியம் கரையத் தொடங்கும். பொடிக்கு அதிக இடம் தேவை, அதனால் கம்பி உப்புகிறது. வெளியடுக்கு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இவ்வளவும் நடந்து முடிந்திருக்கலாம்.

உப்பிய இடத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். லைன் கிளியர் (லைனில் மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான அனுமதி) வாங்கி, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் செய்த பிறகுதான். எஃகு இழையைச் சுத்தம் செய்து மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் முக்குங்கள். துத்தநாகம் மிச்சமிருந்தால் படியும் கறுப்பு, துடைத்தால் போய்விடும். இரும்பு வெளிப்பட்ட இடத்தில் செம்பு பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது.

கேட்டவர்:
நன்றி சார். அந்த இரண்டு ஸ்பானை மட்டும் மாற்றினால் போதுமா? ரிப்பேர் ஸ்லீவ் (கம்பியின் மேல் பொருத்தும் உறை) போட்டுச் சமாளிக்க முடியுமா?

பதில் 2:
ஸ்லீவ் வெளியிழை அறுந்ததற்குச் சரி. உள்ளே நீளத்துக்கு அரித்த கம்பிக்கு அது மருந்தில்லை. உப்பிய ஸ்பானோடு நிறுத்தாமல், கம்பியின் மேல் ஓடும் எடி கரண்ட் (சுழல் மின்னோட்டச் சோதனை) கருவியை அக்கம்பக்கத்து ஸ்பான்களிலும் ஓட்டுங்கள். துத்தநாகம் எங்கெங்கே தேய்ந்திருக்கிறது என்று அது காட்டும். பழைய கம்பியில் அரிப்பைத் தடுக்க உள்ளே பூசும் கிரீஸ் விட்டுப்போன இடங்கள் இருந்தால் அரிப்பு அங்கேதான் முதலில் தொடங்கும்.

மாற்றும்போது எஃகே இல்லாத அலுமினிய உலோகக்கலவைக் கம்பி, அல்லது எஃகின் மேல் அலுமினியம் போர்த்திய மையம் உள்ள கம்பி, இரண்டில் ஒன்றை யோசியுங்கள். எதுவானாலும் தொய்வையும் டவருக்கு வரும் இழுவிசையையும் மறுபடி கணக்குப் போட வேண்டும்.

பதில் 1:
அப்புறம், போகிற வேலையில் டவர் கால் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தையும் பாருங்கள். மேற்பரப்பு குழிந்து தண்ணீர் தேங்கினால் ஸ்டப் (கான்கிரீட்டில் புதைந்த கால் துண்டு) அங்கேதான் மெலியும். சரிவாகப் பூசி, துருவைச் சுரண்டி, துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.