மச்சாளுக்குப் போக வேண்டிய செய்தி

வாட்ஸ்அப் குழு: அம்மம்மா வீடு, ஆரையம்பதி

ஞாயிற்றுக்கிழமை

மாமி, இரவு 7:42
மச்சாள், அவருக்கு மூன்று கிழமையாக மலத்தோடு இரத்தம் போகிறது. கோப்பையில் நானே கண்டேன். கேட்டால் மூலம்தான் என்கிறார். ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

றொஷான், 7:44
மாமி, இது குழு.

மாமி, 7:45
ஐயோ.

(செய்தி அழிக்கப்பட்டது)

பெரியப்பா, 7:46
ஏன் பிள்ளை அழித்தாய், நான் இரண்டு தரம் வாசித்துவிட்டேன்.

மாமா, 7:51
நல்லது. இனிக் கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவித்துவிடட்டும். மூலம்தான். இந்தக் குடும்பத்தில் யாருக்கு இல்லை?

பெரியம்மா, 7:55
தம்பி, எல்லாம் சூடு. துத்திக்கீரை வதக்கிச் சாப்பிட்டால் நிற்கும். நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கோழியும் மிளகாயும் தொடாதே.

சுகந்தி, 8:20
வேலைக்கு வெளிக்கிடும்போதுதான் பார்த்தேன். மாமா, என்ன நிறம்? வலிக்கிறதா? கடைசியில் சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா?

மாமா, 8:22
பிள்ளை, சாப்பாட்டு நேரம்.

சுகந்தி, 8:23
நான் வார்ட்டில் தினமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் சோறு தின்கிறேன். சொல்லுங்கள்.

மாமா, 8:31
செவ்வரத்தம் பூ மாதிரிச் சிவப்பு. வலி இல்லை. முதலில் கடைசியில்தான் சொட்டியது. இப்போது கலந்தும் வருகிறது.

சுகந்தி, 8:38
வலியில்லாமல் கடைசியில் சொட்டுவது உள்மூலத்தில் வழமைதான். முக்கி முக்கி ஆசனவாயில் உள்ள இரத்தக் குழாய்கள் வீங்கிவிடும். இறுகிய மலம் போகும்போது கண்ணாடித் துண்டு கீறியது போல வலித்து, ஒரு கோடாக இரத்தம் பட்டால் அது ஆசனவாய்த் தோலில் வெடிப்பு. காய்ச்சலும் வயிற்று முறுக்கும் சளியும் சேர்ந்தால் வயிற்றுளைவு. ஆனால் மலத்தோடு கலந்து வருவது குடலுக்குள் இருந்தும் வரலாம். உள்ளே சதை வளர்ந்திருக்கலாம், குடல் அழற்சி இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். எல்லாம் இதே சிவப்பிலும் வரலாம் மாமா. நிறத்தைப் பார்த்து மூலம் என்று சொல்ல என்னாலும் முடியாது.

றொஷான், 8:40
எனக்கும் இன்று காலை சிவப்பாகத்தான் போனது. பயமாக இருக்கிறது.

சுகந்தி, 8:40
நேற்று என்ன சாப்பிட்டாய்?

றொஷான், 8:41
பீட்ரூட் கறி.

சுகந்தி, 8:41
இரண்டு நாள் பீட்ரூட்டை விட்டுவிட்டுப் பார். பிறகும் சிவந்தால் வா.

பெரியப்பா, 8:44
எனக்குக் கறுப்பு. இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிறேன்.

சுகந்தி, 8:47
அந்தக் குளிசைக்குக் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் அது வயிற்றுப்புண்ணில் இருந்து வரும் இரத்தமாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீங்கள் இதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறீர்கள், முழங்காலுக்கு டைக்ளோபெனாக்கும் வாங்கிப் போடுகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் வயிறு தாங்காது. அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.
மாமா, மெலிந்திருக்கிறீர்களா?

மாமா, 8:49
இல்லை.

மாமி, 8:50
ஆணியை அடுப்பில் காய்ச்சிப் பெல்ட்டுக்கு இரண்டு புதுத் துளை போட்டிருக்கிறார். இரண்டாவது போன வெள்ளிக்கிழமை. தோல் கருகிய மணம் இன்னும் குசினியில் நிற்கிறது.

மாமா, 8:50
இதையும் குழுவில் போடு.

சுகந்தி, 8:52
மாமாவுக்கு 57 வயது, மூன்று கிழமையாக இரத்தம், மெலிவு வேறு. அம்மப்பா என்ன வருத்தத்தில் போனார்? வீட்டில் யாரும் சொன்னதேயில்லை.

பெரியம்மா, 9:14
1996. வயிற்றில் கட்டி என்றுதான் வெளியில் சொன்னோம். குடலில் என்று வைத்தியர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அம்மா எங்களிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் சோதனைச் சாவடி, நினைத்த நேரம் போகவும் முடியாது. அவருக்கும் முதலில் இரத்தம்தான் போனது. மூலம் என்று நான்தான் கீரை அவித்துக் கொடுத்தேன்.

மாமா, 9:21
எப்போது போக வேண்டும்?

சுகந்தி, 9:23
நாளைக்கே. போதனா வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள், இரவு வேலை முடிந்து நான் நிற்பேன். கையுறை போட்டு விரலால் பார்ப்பார்கள், ஒரு நிமிடம்தான். இரத்தம் எடுத்துச் சோகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவை என்றால் கொலொனோஸ்கோபி, அதாவது கமெரா வைத்துப் பெருங்குடலைப் பார்ப்பது. சதை வளர்ந்திருந்தால் பல வேளைகளில் அப்போதே எடுத்துவிடலாம்.
இன்றிரவே நிறைய இரத்தம் போனாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, எழும்பும்போது தலை சுற்றி வியர்த்தாலோ விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்டோவும் தேட வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

நிரோஜா, 9:25
சுகந்தி அக்கா, பிள்ளை பிறந்ததில் இருந்து எனக்கும் ஒன்று. தனியாகக் கேட்கலாமா?

சுகந்தி, 9:25
கேள். அனுப்ப முன் யாருக்குப் போகிறது என்று பார்த்து அனுப்பு.

மாமி, 9:26
என்னைத்தான் சொல்கிறாள்.

திங்கட்கிழமை

மாமா, பகல் 11:10
பார்த்தார்கள். சுகந்தி சொன்ன ஒரு நிமிடம் கொஞ்சம் நீளமான நிமிடம். மூலமும் இருக்கிறதாம். நான் சொன்னேன்தானே என்று எழும்பினேன். இருங்கள் ஐயா, மூலம் இருப்பவருக்கு வேறு ஒன்றும் இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை என்றார் வைத்தியர். அப்பாவைப் பற்றியும் கேட்டார். சொன்னேன். யாரோ வராத இடத்தில் வியாழக்கிழமை கொலொனோஸ்கோபி. இன்றிலிருந்து கீரை, விதை, தோலோடு பழம் ஒன்றும் கூடாது.

பெரியம்மா, 11:12
கீரையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே.

மாமி, 11:15
வந்தது மச்சாள், இரண்டு கட்டு. ஆட்டுக்குப் போட்டேன்.