புகை தெரியாவிட்டால் கரி இல்லையா?

வசந்தா அத்தை: (படம்) காலையில் துடைத்த ஜன்னலை மாலையில் மறுபடி துடைத்த துணி இது. மண் தூசி இல்லை, விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டுகிறது. காற்றுத் தரக் கொள்கை, தேசியத் திட்டம் என்று எல்லா நாட்டிலும் ஏதோ ஒன்று போடுகிறார்களே, இந்தக் கரியை யாராவது கணக்கில் எடுக்கிறார்களா? தேனு, நீதானே இதைப் படித்தாய், சொல்லு.

தேன்மொழி: பெரும்பாலும் தனியாக எடுப்பதில்லை அத்தை. 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழும் உள்ள துகள்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு, அதற்குத்தான் வரம்பு வைக்கிறார்கள். மண், உப்பு, சல்பேட், கரி எல்லாம் ஒரே தராசில் ஏறும். உலக சுகாதார அமைப்பு 2021இல் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றது, அமெரிக்கா 2024இல் 12ஐ 9 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் அந்த மொத்த அளவை வேறு வழியிலும் குறைத்துக் காட்டிவிடலாம், லாரிப் புகை அப்படியே இருக்கும்.

கதிர் மாமா: லாரி என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது.

வசந்தா அத்தை: பின்னே? குழுவில் வேறு யார் வைத்திருக்கிறார்கள்?

கதிர் மாமா: போன மாதம்தான் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினேன். மிதித்தாலும் கறுப்பாக வருவதில்லை. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

பிரபு: நாசில் மாற்றியது நல்லது மாமா. டீசல் சரியாகப் பீய்ச்சாமல் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே காற்று போதாது, எரியாமல் கரியாகிவிடும். அந்தக் கட்டிக் கரும்புகை குறைந்திருக்கும். ஆனால் புகை தெரியவில்லை என்பதால் கரி இல்லை என்று சொல்ல முடியாது.

தேன்மொழி: அதேதான். டீசல் கரியில் பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. மூக்கு, தொண்டை எதிலும் நிற்காமல் நுரையீரலின் அடி வரை போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை முதல் குழுவில் சேர்த்தது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில்.

வசந்தா அத்தை: அப்புறம் அதைப் பிடிக்க ஒன்றும் இல்லையா?

பிரபு: இருக்கிறது அத்தை, டிபிஎஃப், அதாவது டீசல் கரியைப் பிடிக்கும் ஃபில்டர். சைலன்ஸர் லைனில் உட்காரும் ஒரு பீங்கான் உருளை. உள்ளே தேனடை மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்கள், ஒன்றுக்கு முன்பக்கம் அடைப்பு, அடுத்ததற்குப் பின்பக்கம் அடைப்பு. புகை வேறு வழியில்லாமல் சுவரின் நுண்துளை வழியாகத்தான் வெளியே போக வேண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நிறையச் சேர்ந்ததும் சுமார் 600 டிகிரி சூடாக்கி வண்டியே அதை எரித்துக்கொள்ளும். நல்ல ஃபில்டர் துகள் எண்ணிக்கையில் நூற்றுக்கு 99க்கு மேல் பிடிக்கும்.

கதிர் மாமா: இவ்வளவு நல்ல சாமான் இருந்தும் ஏன் இத்தனை காலம் போடவில்லை?

தேன்மொழி: எண்ணெய்தான் காரணம் மாமா. டீசலில் கந்தகம் அதிகம் இருந்தால் ஃபில்டரோடு வரும் வினையூக்கி கெட்டுவிடும். அதனால் கொள்கையில் வரிசை ரொம்ப முக்கியம், முதலில் சுத்திகரிப்பு ஆலை மாற வேண்டும், பிறகுதான் வண்டி. அமெரிக்கா 2006இல் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 15 பங்காகக் குறைத்துவிட்டுத்தான் 2007 மாடல் லாரிகளுக்குக் கரி வரம்பைப் பத்தில் ஒன்றாக்கியது. இந்தியா 50லிருந்து 10க்கு இறக்கி, வாகனப் புகை விதியில் பிஎஸ் 4லிருந்து 5ஐத் தாண்டி நேராக 6க்கு 2020 ஏப்ரல் 1இல் போனது. எண்ணெயை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் கட்டாயமாக்கினால் வண்டி பாதி வழியில் நிற்கும், ஓட்டுபவர் சாபம் விடுவார்.

கதிர் மாமா: எல்லாம் புது வண்டிக்கு! லாரி இருபது வருடம் ஓடும் சாமான். சட்டம் வந்தாலும் என் வண்டி அப்படியேதானே ஓடும்?

தேன்மொழி: இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள் 😄 புது வண்டிக்கு மட்டும் விதி போட்டுவிட்டுக் கொள்கை முடிந்தது என்று சொல்வதுதான் எனக்குப் பிடிக்காதது. டோக்கியோவைப் பாருங்கள். 1999இல் ஆளுநர் இஷிஹாரா ஷின்டாரோ ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கருப்புக் கரியைப் போட்டுப் பத்திரிகையாளர்கள் முன்னால் குலுக்கிக் காட்டினார். 2003 அக்டோபரிலிருந்து வரம்புக்குள் வராத டீசல் லாரி, பஸ் எதுவும் டோக்கியோவிலும் பக்கத்து மூன்று மாகாணங்களிலும் ஓடக்கூடாது, ஒன்று கரியைக் குறைக்கும் கருவி பொருத்து, இல்லை வண்டியை மாற்று. கருவிக்கு மானியமும் கொடுத்தார்கள். தேசிய அரசு மெதுவாகப் போனதால் ஒரு நகரம் முந்திக்கொண்டது.

கதிர் மாமா: மானியம் கொடுத்தார்கள் என்பதை இரண்டு முறை சொல்லு.

தேன்மொழி: மூன்று முறை சொல்கிறேன் மாமா. கலிஃபோர்னியாவும் 1998லிருந்தே பழைய எஞ்சினை மாற்ற நிதி கொடுத்து வந்தது, அதன் பிறகுதான் 2010க்கு முந்தைய எஞ்சின் உள்ள பெரும்பாலான லாரிகளுக்கு 2023 தொடக்கத்தோடு வழியை அடைத்தது. காசும் கொடுக்காமல் கெடுவும் வைக்காமல் யாரும் மாற மாட்டார்கள்.

பிரபு: இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஃபில்டர் உள்ள வண்டியிலேயே அதைக் கழற்றிவிடுகிறார்கள். குறுந்தூரமே ஓடும் வண்டியில் சூடு ஏறாது, கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும், டாஷ்போர்டில் விளக்கு எரியும். உடனே டப்பாவைப் பிளந்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் டப்பாவை வெல்டு வைத்து மாட்டி, விளக்கு எரியாதபடி மென்பொருளையும் மாற்றிவிடுவார்கள். கீழே படுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

வசந்தா அத்தை: புகைச் சோதனையில் மாட்ட மாட்டார்களா?

பிரபு: பழைய சோதனை புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்றுதான் பார்க்கும். எஞ்சின் புதுசு என்றால் ஃபில்டர் இல்லாமலே பாஸ் ஆகிவிடும். நூற்றுக்கு 99 பிடிக்கும் சாமான் போய்விட்டால் அந்த ஒரு வண்டி நூறு வண்டிக்குச் சமம், ஆனால் சான்றிதழ் கையில் இருக்கும். அதனால்தான் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி எல்லாம் 2022, 2023இல் சோதனை முறையையே மாற்றின. சைலன்ஸருக்குள் குழாயை விட்டு, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று எண்ணுகிறார்கள். ஃபில்டரைக் கழற்றியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

கதிர் மாமா: இது நியாயம். என்னை மாதிரி பழைய வண்டிக்காரனைத் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள், புது வண்டி வாங்கிப் பிளந்தவன் பளபளவென்று போகிறான்.

வசந்தா அத்தை: சரி, கரியைத் தனியாக அளக்கும் நாடே இல்லையா தேனு?

தேன்மொழி: ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த காற்றுத் தரச் சட்டத்தில் சில நிலையங்களில் கருங்கரியைத் தனியாக அளக்கச் சொல்லியிருக்கிறது அத்தை. அளக்கத்தான், வரம்பு இன்னும் இல்லை. எனக்கு அது பாதிக் கிணறு மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் அளந்தால்தானே நாளைக்கு வரம்பு கேட்க முடியும். இன்னொன்று, கரி காற்றில் சில நாள், மிஞ்சினால் சில வாரம்தான் நிற்கும். கார்பன் டைஆக்ஸைடு மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் தங்காது. அதனால் நிறுத்தினால் பலன் உடனே தெரியும்.

கதிர் மாமா: பிரபு, என் வண்டியில் அந்த டிபிஎஃப் பொருந்துமா?

பிரபு: பார்க்காமல் சொல்ல மாட்டேன் மாமா. பழைய பம்ப் எஞ்சின் விடும் கரிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சைலன்ஸரில் போதுமான சூடு இருந்தால்தான் தானாக எரியும். இல்லாவிட்டால் வினையூக்கி மட்டும் போடலாம், ஆனால் அது கரியைக் கொஞ்சம்தான் குறைக்கும். சூட்டை அளக்கும் கருவியை மாட்டிவிடுகிறேன், வழக்கமான லோடோடு வழக்கமான ரூட்டில் ஓட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள். காலி வண்டியில் அளந்து பிரயோஜனம் இல்லை.