“வேதக்காரி ஒண்ணும் சொல்லமாட்டா” என்பார்கள், நான் சொல்லிவிட்டேன்

சீப்புச்சீடை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். எட்டுப் பேர் இருக்கிறோம், அதில் நான் ஒருத்திதான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள்.

என் வேலை பெரும்பாலும் சீப்புச் சீடை சுற்றுவது. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை அச்சில் பிழிந்தால் வரிவரியாகப் பட்டை விழும். அதைத் துண்டு போட்டு, விரலில் சுற்றி, இரண்டு ஓரத்தையும் ஒட்டி நழுவவிட வேண்டும். மாவில் ஈரம் குறைந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டு நிற்காது. எண்ணெயில் போட்டதும் விரிந்துகொள்ளும்.

போன வாரம் ஒரு கல்யாணச் சீருக்கான சீடை, முதல் ஈடு முழுக்க அப்படி விரிந்துபோனது. மாவு பிசைந்தது எங்களில் மூத்த அக்கா. ஆனால் ஆச்சி வந்து கேட்டதும், “இவ ஒட்டுன லட்சணம்” என்று என்னைக் காட்டிவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. இது முதல் தடவையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் “அவ வேதக்காரி, ஒண்ணும் சொல்லமாட்டா” என்று யாராவது சிரிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மணகோலப் பலகாரம் எடையில் கால் கிலோ குறைந்தது. அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்பது வருடத்தையும் கொட்டிவிட்டேன். அவர் மகன் வீட்டைவிட்டுப் போனதையும் சேர்த்து இழுத்தேன். அவர் பதிலே பேசாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் மாவே இல்லை.

வருகிற ஞாயிறு சபையில் திருவிருந்து, அப்பமும் ரசமும் பெறுகிற ஆராதனை. வீட்டுச் சமையலறைக் காலண்டரில் எபேசியர் 4:2 இருக்கிறது: மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? கேட்டால் சீடையும் என் தப்பு என்று ஆகிவிடாதா?

தேவகோட்டை ரஸ்தா:

தங்கச்சி, நாங்கள் கத்தோலிக்கர். வருடா வருடம் ஓரியூர் போகிற குடும்பம். அங்கே புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்தவர், நம் சீமைக்கு வந்து காவி கட்டி, புலால் விட்டு, வெறுந்தரையில் படுத்தார். இதைவிடத் தாழ்மை என்ன வேண்டும்? ஆனால் ஞானஸ்நானம் கேட்ட தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவரிடம், ஒரே மனைவியோடுதான் வாழ வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதனால் விலக்கப்பட்ட மற்ற மனைவியரில் ஒருத்தி சேதுபதி மன்னருக்கு உறவு. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை போனதற்கு அது ஒரு காரணம். சாந்தமாக இருந்தார், ஊமையாக இருக்கவில்லை.

நீங்கள் சீடை விரிந்த அன்றைக்கே பேசியிருக்க வேண்டும் என்பேன். அன்று பேசாததால்தான் வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை பேச்சு வந்தது.

பழைய வாத்தியார்:

ரஸ்தா சொன்னது சரி. ஆண்டவர் இயேசுவே தம்மைக் கன்னத்தில் அடித்த சேவகனிடம் “என்னை ஏன் அடிக்கிறாய்” என்று கேட்டாரே (யோவான் 18:23). திட்டவில்லை, கேட்டார்.

ஆனால் சகோதரி, கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன். ஒன்பது வருடத்தை ஒரே மூச்சில் கொட்ட முடிந்தது என்றால், அதில் ஒன்றையும் நீங்கள் விட்டுவிடவில்லை. 1 கொரிந்தியர் 13-இல் அன்பு “தீங்கு நினையாது” என்று வருகிறதல்லவா, கிரேக்க மூலத்தில் அது கணக்கு எழுதுகிறவர்களின் சொல். தீமையைப் பற்று எழுதி வைக்காது என்று பொருள். பேரேடு எழுதியே பேர் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புரியாமல் போகாது. நானும் பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர் மேல் அப்படியொரு பேரேடு வைத்திருந்தேன். வெளியே எனக்குப் ‘பொறுமைசாலி’ என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

மத்தேயு 5:23 எடுத்துப் பாருங்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போகச் சொல்வது, உனக்கு அவர்மேல் குறை இருந்தால் என்று அல்ல. “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை” இருந்தால் என்றுதான். மகனைப் பற்றிப் பேசியது அவருக்கு உங்கள்மேல் உள்ள குறை. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். சீடை வேறு வழக்கு.

மலர்:

நான் சாமி கும்பிடுகிறவள், வசனமெல்லாம் தெரியாது. எட்டுப் பேர் முன்னால் பேசியதற்கு எட்டுப் பேர் முன்னாலதான் மன்னிப்புக் கேட்கணும். பாத்திரம் கழுவுற இடத்தில் காதோரம் கேட்டா செல்லாது. அப்புறம், பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். பாதிச் சண்டை அதோடு போகும்.

சீப்புச்சீடை:

சனிக்கிழமை காலையில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். “அக்கா, உங்க பிள்ளையைப் பத்திப் பேசினது என் தப்பு, மன்னிச்சுக்கங்க.” அவர் “சரி சரி, அடுப்பைப் பாரு” என்றார். சீடை விஷயத்தை மத்தியானம் கிரைண்டர் பக்கத்தில் தனியாகச் சொன்னேன். “அன்னைக்கு மாவு காஞ்சிருந்துச்சுக்கா. ஒட்டுனது சரியாத்தான் ஒட்டுனேன்.” சொல்லும்போது குரல் நடுங்கியது. பதில் வரவில்லை.

ஞாயிறு திருவிருந்தில் கை நீட்டினேன். மனசு ஒன்றும் லேசாகிவிடவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன அந்தப் பேரேடுதான் ஆராதனை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. பழைய பாக்கி நிறைய இருக்கிறது.

திங்கட்கிழமை அக்கா மாவைப் பிசைந்து, ஒரு உருண்டையை என் பக்கம் தள்ளி, “பாரு” என்றார். இன்னும் கொஞ்சம் பால் விடணும் என்றேன். முகம் கொடுக்காமலே விட்டார். மலரக்கா சொன்ன ஈரத்துணியை நான்தான் போட்டேன்.

இப்போது யாரும் ‘ஒண்ணும் சொல்லமாட்டா’ என்று சிரிப்பதில்லை. உண்மையைச் சொன்னால், அதுவும் எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருக்கிறது.