முகச்சாயலே பார்க்காத ஒருவர் எப்படி இவ்வளவு பெரிய உருவச் சிற்பியானார்?

கோண்டாவில் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாகச் சீமெந்தில் மார்பளவுச் சிலைகள் செய்கிறேன். பெரும்பாலும் இறந்தவர்களுடையவை. வீட்டுக்காரர் கொண்டுவருவது ஒரு அடையாள அட்டைப் படம், கிடைத்தால் கலியாண வீட்டுப் படம் ஒன்று. நேரே எடுத்த படத்தில் மூக்கு எவ்வளவு எடுப்பு, பிடரி எப்படி என்று ஒன்றும் தெரியாது, ஆகவே மகனையோ சகோதரத்தையோ பக்கவாட்டில் இருத்திப் பார்த்துச் செய்வேன். போன மாதம் ஒரு அம்மா வந்து களிமண்ணில் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, இவருக்குக் காதுச்சோணை ஒட்டினபடிதான் இருந்தது" என்றார். அன்றிரவே திருத்தினேன். ஆனால் இன்னொரு இடத்தில் என்னிடம் கேட்காமலே சிலைக்குப் பொன்நிறப் பெயின்ற் அடித்துவிட்டார்கள், இமையில் எடுத்த மடிப்பெல்லாம் மூடிப்போனது. அந்த றோட்டால் போக இன்னும் மனம் வரவில்லை.

சரி, கேள்வி இதுதான். இப்போது வாழ்கிற உருவச் சிற்பிகளைத் தேடிப் பார்த்தால் அன்ரனி கோர்ம்லி என்ற பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. படங்களைப் பார்த்தேன். முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் சும்மா ஒரு மேடு, எல்லாமே அவருடைய சொந்த உடம்பு. அதை வைத்து நாற்பது வருடத்துக்கு மேல் எப்படி வேலை செய்தார்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய சுண்ணாம்பு:
தம்பி, அவருடைய தொடக்கம் எங்களுக்குக் கிட்டத்தான். 1950இல் லண்டனில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தது தொல்லியல், மானிடவியல், கலை வரலாறு. படிப்பு முடிந்த கையோடு 1971இலிருந்து 1974 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் திரிந்து பௌத்தம் படித்தார், கோயங்கா என்ற ஆசிரியரிடம் விபாசனா என்ற பௌத்தத் தியானம் பழகினார், துறவியாகலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். இந்திய றெயில் நிலையங்களில் உச்சி முதல் கால்வரை வேட்டியால் மூடிக்கொண்டு நித்திரை கொள்ளும் சனம் அவர் மனதில் தங்கிவிட்டது. திரும்பிப் போய் ஒரு நண்பரைப் படுக்கவைத்து, பிளாஸ்டரில் தோய்த்த துணியை மேலே போர்த்தி, அது இறுகின பிறகு ஆளை வெளியே எடுத்துவிட்டார். ஆள் படுத்த வடிவத்தில் துணி நிற்கிறது, உள்ளே ஒருவரும் இல்லை. பிறகு அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அதுதான் என்பது என் எண்ணம்.

1981இல் லண்டன் வைற்சப்பல் கலரியில் தனிக் காட்சி. அந்தக் காலத்தில்தான் தன் உடம்பையே அச்செடுக்கத் தொடங்கினார். உடம்பில் பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, அசையாமல் நிற்பார். அவருடைய மனைவி ஓவியர், அவர்தான் பிளாஸ்டர்த் துணி ஒட்டுவார். இறுகியதும் வெட்டிக் கழற்றி, அதன்மேல் ஈயத் தகட்டை அடித்துப் படியவைத்துப் பொருத்துவார். ஆகவே சாயல் வருகிறதா என்பது அவருடைய கேள்வியே அல்ல, ஒரு உடம்பு நின்ற இடம் எப்படி இருக்கும் என்பதுதான். பிரித்தானியாவின் பெரிய கலைப் பரிசான டேர்னர் பரிசு 1994இல் கிடைத்தது, அப்போது வயது 44. நீர் ஆறு வருடத்தை எண்ணிக் கவலைப்படாதேயும்.

லிவர்பூல் அக்கா:
தம்பி, குரொஸ்பிக் கடற்கரை எங்கள் வீட்டுக்குக் கிட்ட. அவருடைய 100 இரும்பு ஆட்கள் அங்கே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றருக்கு நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் 650 கிலோ, எல்லோரும் கடலைப் பார்த்தபடி. 1997இல் முதலில் ஜேர்மனியில் வைத்தவை, 2005இல் இங்கே வந்தன. எதிர்ப்பும் இருந்தது, கடைசியில் நிரந்தரமாகவே வைத்துக்கொண்டார்கள். பெருக்கு நேரம் தூரத்தில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் இடுப்பு, கழுத்து என்று ஏறி, தலையும் மறைந்துவிடும். வற்றின பிறகு கிட்டப் போனால் கால் முழுக்கச் சிப்பியும் பாசியும்.

அப்பா குருநகரிலிருந்து வந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். ஒருவருடைய முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்?" என்று கேட்டார். பிறகு கனநேரம் கதைக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பி வராத தம்பி ஒருவர் அவருக்கு இருந்தார். அந்த இரும்பில் வெள்ளைக்காரர் ஒருவருடைய முகம் தெளிவாக இருந்திருந்தால் அப்பா அப்படித் தொட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

வடமராட்சிச் சித்திர ரீச்சர்:
அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் தம்பி சாயலை விட்டுவிட வேண்டாம். அந்த அம்மாவுக்குக் காதுச்சோணைதான் வேண்டியிருந்தது, அதை எந்த இரும்பு ஆளும் கொடுக்க முடியாது.

கோர்ம்லியிடம் எனக்குப் பிடித்தது மற்றவர்களைக் கொண்டு செய்வித்த களிமண் உருவங்கள். 1993இல் இங்கிலாந்தின் செயின்ற் ஹெலன்ஸில் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து ஏறக்குறைய 40,000 செய்தார்கள், 2003இல் சீனாவில் ஒரு கிராமத்தவர்கள் 190,000 அளவில். கைக்குள் அடங்க வேண்டும், நிற்க வேண்டும், இரண்டு கண் குத்த வேண்டும், அவ்வளவுதான் விதி. எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுடன் செய்து பார்த்தேன். ஒரு பிள்ளை பென்சில் முனையால் கண்ணைக் குத்தியதும் கையை இழுத்துக்கொண்டு, "ரீச்சர், இது என்னைப் பாக்குது" என்றாள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள், நானும் விட்டுவிட்டேன்.

பெயின்ற் விசயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வட இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட்டில் 1998இல் நிறுத்திய அவருடைய தேவதைச் சிலை 20 மீற்றர் உயரம், சிறகு 54 மீற்றர், 200 தொன் உருக்கு. அதற்குப் பெயின்றே இல்லை, மேலே பிடிக்கும் துருவே நிறமும் காப்பும். எங்கள் பழைய வீட்டு நிலத்துச் சிவப்புச் சீமெந்து மாதிரி, குழைக்கும்போதே ஒக்சைட் நிறத்தூள் கலந்து பாருங்கள். சிலைக்கு நிறம் இருந்தால் பூசத் தேடமாட்டார்கள். ஓடர் எடுக்கும் துண்டிலும் "கேட்காமல் பெயின்ற் அடிக்கக்கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கோண்டாவில் பெடியன்:
எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், ஒக்சைட் இன்றைக்கே வாங்கிவிட்டேன், முதலில் ஒரு கையை வார்த்துப் பார்க்கிறேன். சுண்ணாம்பு அண்ணை, எங்கள் அப்பா மத்தியானம் சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டுதான் படுப்பார். அவரை அப்படியே துணி போர்த்தி எடுக்க ஆசையாக இருக்கிறது. மூச்சுக்கு என்ன செய்வது?

பழைய சுண்ணாம்பு:
முகத்துக்கு மேல் ஈரத்துணி போடவே வேண்டாம். அப்பாவைக் கழுத்துவரை எடும், தலைக்கு ஒரு பானையைக் கவிழ்த்து வைத்துத் தனியாகப் போர்த்திப் பிறகு பொருத்தும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், தோலில் நேரே படாமல் முதலில் பொலித்தீன் சுற்றும். ஒரே தடவையில் தடிப்பாகப் போடாதேயும். பக்கத்தில் ஒரு ஆள் கத்தரிக்கோலுடன் நிற்கட்டும்.