ஜப்பான் பல்கலைக்கழக விழாவில் வெளிநாட்டு மாணவர்கள் கடை போடுவது: அனுபவப் பகிர்வு

கடை போட நினைப்பவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விழா அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வரும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இரண்டு விழாக்கள்: மே மாதம் ஹோங்கோ வளாகத்தில் கொகத்சுசாய், நவம்பரில் கொமாபாசாய். நவம்பர் விழாவுக்கான விண்ணப்பம் பல இடங்களில் கோடை விடுமுறைக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே அக்டோபர் சேர்க்கையில் வருபவர்கள் தனிக்கடை கேட்டு அலைய வேண்டாம்; ஏற்கெனவே பதிவான குழுவில் சேர்வதுதான் வழி. நடத்துவது மாணவர்களின் செயற்குழு, ஜிக்கோ இயின்காய். விளக்கக் கூட்டத்துக்குப் பொறுப்பாளர் போகாவிட்டால் கடையையே ரத்து செய்யும் விழாக்கள் உண்டு. கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும் என்பதால், அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுங்கள்.

* * *

தேதியை விடப் பெரிய தலைவலி மெனு. எது விற்கும் என்று யோசிப்பதற்கு முன்னால் எதை அனுமதிப்பார்கள் என்று பாருங்கள். கடைகளின் விவரம் செயற்குழு வழியாக ஹொகென்ஜோ என்ற வட்டாரச் சுகாதார மையத்துக்குப் போகும். விதி ஊருக்கு ஊர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: விற்பதற்குச் சற்று முன், அந்த இடத்திலேயே, உள்வரை வெந்த பண்டம். பச்சைக் காய், கிரீம் கிடையாது. சோறும் பல இடங்களில் கிடையாது. வீட்டில் செய்து கொண்டுவருவதும் கூடாது. இதில் நம் தோசை, வடை இரண்டும் அடிபட்டுப் போகின்றன, ஏனென்றால் முந்தின நாள் விடுதியில் அரைத்த மாவை ஏற்க மாட்டார்கள். தேங்காய்ச் சட்னி வேகாத பண்டம், அதுவும் போச்சு.

நிற்பது உறைந்த சமோசா. எண்ணெய் 170–180 டிகிரி. கூட்டம் நெருக்கும்போது ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். அதை ஈடுகட்ட அடுப்பை ஏற்றினால் தோல் கருகி, நடுவில் உருளைக்கிழங்கு சில்லென்றே இருக்கும். முனை கூர்மையான வெப்பமானியைக் குத்தி, நடுப்பகுதி 75 டிகிரியில் 1 நிமிடமாவது இருந்ததா என்று பாருங்கள்.

குழம்பு வைத்தே தீருவோம் என்பவர்களுக்கு: முந்தின இரவே வைத்த குழம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். உணவை நஞ்சாக்கும் வெல்ஷ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. பெரிய பானையின் அடியில் காற்று இருக்காது, அதுதான் இந்தக் கிருமிக்குத் தோது. மெதுவாக ஆறும்போது 45 டிகிரியை ஒட்டி அது மளமளவென்று பெருகும். மறுநாள் மேலோட்டமாகச் சுட வைத்தால் போகாது. வாசனையும் மாறாது, சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்குதான்.

உணவைத் தொடுபவர்களுக்கு மலப் பரிசோதனை கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மாதிரி கொடுக்கும் தேதியைத் தவறவிட்டவர் அடுப்புப் பக்கம் வர முடியாது. கல்லாவில் உட்காரட்டும்.

* * *

அடுத்து மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட்தான். ஊரிலிருந்து கொண்டுவரும் 230 வோல்ட் மிக்ஸி இங்கே சரியாகச் சுற்றாது. ஒரு பிளக்குக்கு 1500 வாட் என்பது வழக்கமான எல்லை. சமைக்கும் மின்தட்டு ஒன்றே 1300 வாட் வரை இழுக்கும். கெட்டிலையும் அதே இணைப்பில் செருகினால் பிரேக்கர் விழும், பக்கத்துக் கடைகளும் சேர்ந்து இருளும்.

நெருப்பு வைத்திருக்கும் கடையில் தீயணைப்பான் இல்லாவிட்டால் திறக்க விடமாட்டார்கள். அதை வெறும் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 2013 ஆகஸ்டில் கியோட்டோ மாகாணத்து ஃபுகுச்சியாமா வாணவேடிக்கை விழாவில், ஒரு கடையில் சூடேறியிருந்த பெட்ரோல் கேனைத் திறந்தபோது பெட்ரோல் பீய்ச்சியடித்துத் தீப்பிடித்தது. 3 பேர் இறந்தார்கள். தீயணைப்பானைக் கட்டாயமாக்கும் விதிகள் அடுத்த ஆண்டு வந்தன.

* * *

கடை போடாமல் சாப்பிட மட்டும் போகும் சைவர்களுக்கு: தகோயாகி என்ற மாவு உருண்டையில் ஆக்டோபஸ் இல்லாமல் கேட்டாலும் மாவில் மீன் சாறு இருக்கும். யாகிசோபா என்ற வதக்கிய நூடுல்ஸில் பெரும்பாலும் பன்றி இறைச்சி, ஒதுக்கி எடுத்தாலும் அதே கல்லில் வதங்கியதுதான். சாக்லேட் பூசிய வாழைப்பழம் பயமில்லாமல் வாங்கலாம். முடிந்தால் நவம்பரில் டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் விழாவான கைகோசாய்க்குப் போங்கள். முதலாண்டு மாணவர்கள் தாங்கள் படிக்கும் மொழி வழங்கும் நாட்டுச் சாப்பாட்டைச் செய்து விற்கிறார்கள், இரண்டாமாண்டினர் அந்த மொழியிலேயே நாடகம் போடுகிறார்கள். இந்தி, உருது, வங்காளக் கடைகள் ஒரே வளாகத்தில் கிடைக்கும். இருபது வயதுகூட ஆகாத ஜப்பானியப் பிள்ளைகள் அந்தச் சமையலுக்கு எடுக்கும் சிரமத்தைப் பார்க்கவே போகலாம்.

* * *

கணக்கு பற்றி ஒன்று. விலையை 300, 400, 500 யென் என்று வையுங்கள். 350 வைத்தால் 50 யென் நாணயம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். விழா முடிந்து நாணயக் குவியலை வங்கிக்கு எடுத்துப் போனால், எண்ணிக்கை கூடும்போது கட்டணம் பிடிப்பார்கள். அதனால் குழுவினருக்குத் திருப்ப வேண்டிய முன்பணத்தை அங்கேயே நாணயமாகக் கொடுத்துவிடுங்கள். மிச்ச எண்ணெயை வடிகாலில் ஊற்றக் கூடாது: சூடாக இருக்கும்போதே கட்டியாக்கும் பொடியைக் கலந்து, ஆறி இறுகியதும் பெயர்த்து, செயற்குழு சொல்லும் குப்பைப் பிரிவில் போட வேண்டும். ஆறிய எண்ணெயில் பொடி கரையாது, திரும்பச் சூடாக்க அதற்குள் கேஸ் சிலிண்டரை எடுத்துப் போயிருப்பார்கள்.